பதினாறு வயதில் எழுந்த சுவர்

கொழும்பு வெள்ளவத்தையில் பட்டதாரிகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை



எனக்குத் தந்த தலைப்பு நீளமானது: உயிர்ப் பௌதிகவியலிலும் மூலக்கூற்று உயிரியலிலும் பாடநெறி முதுமாணிப் பட்டம் படிப்பது. வாசலில் ஓர் அம்மா அதை வாசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதைப் படிச்சால் பிள்ளை டொக்டராகலாமோ?" ஆகமுடியாது அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக மட்டும் வந்தவர்கள் மழை பிடிக்கும் முன் வீட்டுக்குப் போகலாம்.

மற்றவர்களுக்கு என் கதை சாதாரண தரத்தில் தொடங்குகிறது. பெறுபேறு வந்த வாரத்திலேயே எங்கள் வீடுகளில் ஒரு தீர்மானம் எடுக்கப்படும். பிள்ளை பயோவா, மெத்ஸா? கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து இங்கே காலி வீதி வரைக்கும் ரியூசன் பலகைகள் எல்லாம் இந்த இரண்டு சொல்லில்தான் பிரிந்து நிற்கின்றன. பயோ என்றால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். மெத்ஸ் என்றால் இணைந்த கணிதம், இரசாயனவியல், பௌதிகவியல். மூன்றில் இரண்டு பாடம் பொது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாவது பாடம்தான் சுவர். பயோவுக்குப் போன பிள்ளை வகையீடு, தொகையீடு என்ற பெயர்களைக் கேள்விப்பட்டதோடு சரி. மெத்ஸுக்குப் போன பிள்ளை கலம் என்றால் என்ன என்று கடைசியாகப் படித்தது பதினோராம் வகுப்பு விஞ்ஞானத்தில். பதினாறு வயதில், ஒரு வாரத்தில், பெரும்பாலும் பெரியப்பாவும் மாமாவும் கூடிக் கட்டும் சுவர் இது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் என்று அதே சுவரை இன்னும் நாலு வருடம் உயர்த்துகிறோம்.

நரம்புக் கலத்துக்கு இந்தச் சுவர் தெரியாது. பொதுவான பாடமான பௌதிகவியலிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்புலச் செறிவு என்பது அழுத்த வேறுபாட்டைத் தூரத்தால் வகுப்பது. பயோ பிள்ளையும் மெத்ஸ் பிள்ளையும் மனப்பாடம் செய்த சமன்பாடு. ஓய்வில் இருக்கும் நரம்புக் கலத்தின் மென்சவ்வுக்கு இரு பக்கமும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று. மென்சவ்வின் தடிப்பு 5 நனோமீற்றர் அளவு. வகுத்துப் பாருங்கள்: ஒரு மீற்றருக்கு 1 கோடியே 40 இலட்சம் வோல்ற்று! உலர்ந்த வளியில் மின்பொறி பாய்வதற்கே 30 இலட்சம் போதும். வளி தாங்காத புலத்தை ஒரு கொழுப்புப் படை தாங்கிக்கொண்டிருக்கிறது, உங்கள் தலைக்குள், இந்தக் கணத்தில். அந்தப் புலத்தில் சிறு மாற்றம் வந்தால், மென்சவ்வில் பதிந்திருக்கும் புரதத்தின் ஏற்றமுள்ள பகுதி அசையும், வாசல் திறக்கும், சோடியம் அயன்கள் உள்ளே பாயும். கணத்தாக்கம் என்று நாம் படித்தது அதைத்தான். உயிரியல் புத்தகம் "சோடியம் உள்ளே, பொற்றாசியம் வெளியே" என்ற வரிசையைச் சொல்லித்தரும். வாசலைத் திறந்த விசை எது என்று கேட்டால் பக்கத்து வகுப்பறைக்குப் போகச் சொல்லும்.

இன்னொன்று, 2020இல் இந்த ஊரே மூக்கைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பி.சி.ஆர். கொரோனாக் காலத்தில் கொட்டாஞ்சேனைப் பக்கம் அந்தச் சோதனை நடக்காத ஒழுங்கை குறைவு. அது என்ன செய்கிறது? டி.என்.ஏ.யை 95 பாகைக்குச் சூடாக்கினால் இரண்டு இழைகளும் பிரியும். ஆற விட்டால் சிறு தொடக்கத் துண்டுகள் வந்து ஒட்டும். 72 பாகைக்குக் கொண்டுவந்தால், வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்து எடுத்த நொதியம் புது இழையைக் கட்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. 30 சுற்று நன்றாக ஓடினால் ஒரு துண்டு 107 கோடித் துண்டாகும். இது மூலக்கூற்று உயிரியல். ஏன் 95, ஏன் 60 போதாது என்று கேட்டால் அது பௌதிகம். உயர்தரத்தில் நாங்கள் எழுதிய விடை: இரண்டு இழைகளையும் ஐதரசன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. முதுமாணி வகுப்பில் அதைத் திருத்துவார்கள். ஐதரசன் பிணைப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் இரட்டைச் சுருளின் உறுதியில் பெரும் பங்கு, மூலங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருப்பதால் வருவது. இதை அளந்து பார்த்துச் சொல்லக் கற்பதற்கு வெப்ப இயக்கவியலும் கொஞ்சம் புள்ளிவிபரப் பொறிமுறையும் வேண்டும். பயோ பிள்ளைக்கு அங்கேதான் தலை சுற்றும்.

பரவலையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஐன்ஸ்டைன் 1905இல் காட்டியபடி, பரவலுக்கு எடுக்கும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். கலத்துக்குள் ஒரு புரதம் ஒரு மைக்கிரோமீற்றர் நகர ஒரு செக்கனின் சிறு பின்னம் போதும். அதே புரதம் முதுகெலும்பிலிருந்து கால் பெருவிரல் வரை, ஒரு மீற்றர், பரவலாலேயே போய்ச் சேர வேண்டுமென்றால் ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகும். பல்லவர் காலத்தில் புறப்பட்டது இப்போதுதான் பெருவிரலுக்கு வரும். ஆகவே நரம்புக் கலம் கைனசின் என்ற இயங்கு புரதத்தை வைத்திருக்கிறது. அது ஓர் ஏ.ரி.பி. மூலக்கூறுக்கு ஓர் அடியாக, அடிக்கு 8 நனோமீற்றர் வீதம் சரக்கை இழுத்துச் செல்கிறது. இந்த மாதிரி விடயங்கள்தான் அந்தப் பாடநெறியின் முதல் தவணை.

இனிப் பட்டத்தைப் பற்றி. எங்கள் சமூகத்தில் பாடநெறி முதுமாணிக்கு மதிப்புக் குறைவு. "ஆராய்ச்சி செய்யாத மாஸ்டர்ஸ்தானே" என்பார்கள். வேலையில் பதவி உயர்வுக்குப் படிப்பது, வெளிநாடு போக விசாவுக்குப் படிப்பது என்று இரண்டு பெட்டிக்குள் அதை அடைத்துவிட்டோம். நான் மறுக்கிறேன். ஆராய்ச்சிப் பட்டம் உங்களுக்குத் தெரிந்த துறையில் உங்களை ஆழமாக இறக்கும். தெரியாத துறையின் வாங்கில் திரும்ப உட்கார வைப்பது பாடநெறி முதுமாணி ஒன்றுதான். சுவரின் மறுபக்கத்துக்குப் போக வேறு ஒழுங்கான வழி எங்கள் கல்வி முறையில் இல்லை.

இலங்கைத் தகைமைச் சட்டகம் 2012இல் வந்தது. அதில் சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம். பாடநெறியால் மட்டும் முடிக்கும் முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப் புள்ளிகள். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 புள்ளிகள், இரண்டு வருடம். அதன் மேலே 11 தத்துவமாணி, 12 கலாநிதி. ஒரு புள்ளிக்குக் கணக்கிடும் கற்றல் நேரம் 50 மணித்தியாலம். அப்படியென்றால் 30 புள்ளிக்கு 1500 மணித்தியாலம். வேலை பார்த்துக்கொண்டு ஒரே வருடத்தில் முடிக்க நினைப்பவர், விடுமுறையே எடுக்காவிட்டாலும், வாரத்துக்கு 29 மணித்தியாலம் தேடவேண்டும். சனி ஞாயிறு இரண்டு நாளும் முழுதாகப் போனாலும் கணக்கு முட்டாது. இதைச் சொல்லாமல் விண்ணப்பப் படிவத்தை நீட்டுவது நியாயமில்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கே படிக்கலாம்? பஸ் தூரத்திலேயே இருக்கிறது. குமாரதுங்க முனிதாச மாவத்தையில், பழைய ஆட்கள் தேஸ்டன் வீதி என்பார்கள், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பேராசிரியர் எரிக் கருணாநாயக்க அதன் முதல் பணிப்பாளர். சுவீடன் அரசின் ஆராய்ச்சி உதவி அதன் வளர்ச்சிக்குப் பின்னால் நின்றது. பேராதனையில் 1996இல் தொடங்கிய விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் இருக்கிறது. லண்டன் பக்கம் போகிறவர்களுக்கு, அந்த நாட்டுக் கணக்கில் 180 புள்ளிகளை ஒரே வருடத்தில் முடிக்கும் முதுமாணி. அங்கே படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய மாணவர் விசா பொதுவாக விடாது. கட்டணத்தை உழைத்தே கட்டிவிடலாம் என்று ஏஜன்சிக்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

சுவரைத் தாண்டியவர்கள் எங்கள் ஆட்களிலும் உண்டு. முதலாமவர் காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் அவர் வாங்கிய பட்டம் தத்துவத்தில். பிறகு லண்டன் பேர்க்பெக் கல்லூரிக்குப் போய், முப்பதுகளின் நடுவில், இரசாயனத்தில் இன்னோர் இளமாணிப் பட்டத்தை 1959இல் எடுத்தார். மூன்று வருடத்தில் கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம். பிறகு நாசா. 1969இல் அவுஸ்திரேலியாவில் மேர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதைக் கண்டு 1970இல் அறிவித்த குழுவில் அவர் இருந்தார். உயிர் எப்படித் தொடங்கியது என்ற கேள்வி அவருக்குத் தத்துவத்திலேயே வந்திருக்க வேண்டும். விடை தேட இரசாயன வாங்கில் போய் உட்கார்ந்தார்.

இரண்டாமவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 1976இல் அமெரிக்காவில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதை வைத்துக்கொண்டு அவர் செய்த அடுத்த காரியம், சான் டியாகோவில் உயிரியல் படிக்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தது. இரண்டு வருடம் படித்தார். அங்கே பட்டம் எடுக்கவில்லை. தேவையானது தலைக்குள் வந்ததும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் றைபோசோமில் வேலை தொடங்கிவிட்டார். றைபோசோமின் சிறிய பாகத்தின் அமைப்பை 2000இல் அவருடைய குழு வெளியிட்டது. 2009இல் நோபல் பரிசு. வெள்ளவத்தையில் எந்த வீட்டிலாவது கலாநிதி முடித்த மகன் திரும்ப வகுப்புக்குப் போகப் போகிறேன், பட்டமும் எடுக்கமாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும்? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மூன்றாமவரிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன், 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், திருச்சி சூசையப்பர் கல்லூரியில் படித்தவர். 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தவரைச் சி. வி. ராமன் பௌதிகத்துக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் போய்க் கலாநிதிப் பட்டம் எடுத்து வந்தார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் கிண்டியில் ஒரு பௌதிகத் துறையைத் தொடங்கியபோது, முப்பது வயதுகூட நிறையாத அவர் அதற்குத் தலைவரானார். துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார், பிரசவ மருத்துவத்தில் பேர்பெற்ற டொக்டர். பௌதிகத் துறையை வளர்க்க ஒரு வைத்தியர் துணை நின்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஜே. டி. பேர்னல் சென்னைக்கு வந்தார். எக்ஸ் கதிரால் புரதப் பளிங்கை முதன்முதலில் ஒழுங்காகப் படம் பிடித்தவர்களில் ஒருவர் அவர். 1934இல் டொரதி குரோபுட்டோடு பெப்சின் என்ற புரதத்தைப் படம் எடுத்தார். பின்னாளில் நம் பொன்னம்பெருமவுக்குப் பேர்க்பெக்கில் ஆசானாக இருந்தவரும் அவரே. கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சில் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் கொலாஜன்; எங்கள் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதமும் அதுதான். கிண்டிக்குப் பக்கத்தில் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே பெரும்பாலும் கொலாஜன். கேள்வி லண்டனிலிருந்து வந்தது. மூலப்பொருள் அடுத்த வளவில் கிடந்தது.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இலும் 1955இலும் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள். மூன்று புரதச் சங்கிலிகள் கயிறுபோல ஒன்றோடொன்று முறுகிய அமைப்பு. அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின் என்பது அவர்களுக்குக் கிடைத்த பெரிய துப்பு. முறுக்கின் நடுவே இடமே இல்லை. பக்கச் சங்கிலியாக ஒரேயொரு ஐதரசன் அணு மட்டும் உள்ள கிளைசின்தான் அங்கே அடங்கும். ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது வரவேண்டும்.

இங்கிலாந்திலிருந்து மறுப்பு வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், மூன்று இழை என்பது சரி, ஆனால் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு என்று நீங்கள் வரைந்ததில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, ஒரு பிணைப்புத்தான் சரிவரும் என்றார்கள். அந்தப் புள்ளியில் காலம் கிரிக் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் மறுப்பு ராமச்சந்திரனை வேறொரு கேள்விக்குத் தள்ளியது: அளவுக்கு மீறி நெருங்கியது என்றால், அளவு என்ன? இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்ட வரலாம்? அதுவரை வெளிவந்த பளிங்கு அமைப்புகளைத் தேடி, காபனுக்கும் காபனுக்கும், காபனுக்கும் ஒட்சிசனுக்கும், நைதரசனுக்கும் ஐதரசனுக்கும் இடையே உள்ள தூரங்களைச் சேர்த்தார்கள். பிறகு அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும், ஒரு புரதச் சங்கிலி திரும்பக்கூடிய இரண்டு கோணங்களை எடுத்து, எல்லாத் திருப்பத்துக்கும் அணுக்கள் முட்டுகின்றனவா என்று கணக்குப் போட்டார்கள். 1963இல் மூலக்கூற்று உயிரியல் சஞ்சிகையில் அந்த வரைபடம் வந்தது. பெரும்பகுதி வெற்றிடம், சில தீவுகள் மட்டும். புரதம் எப்படி வேண்டுமானாலும் மடியாது, அந்தத் தீவுகளுக்குள்தான் மடியும்.

இன்று உலகத்தின் எந்த மூலையிலிருந்து ஒரு புரத அமைப்பைப் பொதுத் தரவு வங்கியில் வைப்பதென்றாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் சோதிக்கிறார்கள். 2024இல் இரசாயன நோபலைப் பெற்றுத்தந்த, புரத அமைப்பைக் கணினியால் முன்கூறும் அல்பாஃபோல்டின் விடையையும் அதே வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம். உயிரியல் பட்டம் இல்லாத ஒருவர் கிண்டியில் அணுக்களின் இடைவெளியை அளந்து வந்த விளைவு அது. நோபல் குழு அவரைக் கவனிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது எங்களுக்குப் பழக்கம். அதைவிட, அவருடைய மாணவர்கள் இரண்டு பக்கத்துப் பாடத்தையும் எப்படிப் படித்தார்கள் என்று விசாரிப்பது எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது.

பாடநெறியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பாட அலகுகளை வாசியுங்கள். மூலக்கூற்று உயிரியல் என்று பெயர் இருக்கும். உள்ளே பௌதிகம் ஒரு விரிவுரையோடு முடிந்துபோகலாம். ஆய்வுகூடத்தில் உங்கள் கையில் பிப்பெற்று எத்தனை மணித்தியாலம் இருக்கும், இல்லை விரிவுரையாளர் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பதா என்று கேளுங்கள். 9ஆம் மட்டமா, 10ஆம் மட்டமா என்பது மிக முக்கியம். பின்னால் பல்கலைக்கழக விரிவுரையாளராக வர நினைப்பவரிடம் ஆய்வுக் கூறுள்ள பட்டம் கேட்பார்கள். ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கப்போய் அங்கே மாட்டிக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

சேர்வதற்கு முன் உள்ள மாதங்களில், பயோ பக்கத்திலிருந்து வருபவர் வகையீடும் அடுக்குக்குறிச் சார்பும் நிகழ்தகவும் படித்து வையுங்கள். பக்கத்து வீட்டு மெத்ஸ் தம்பியின் பழைய இணைந்த கணிதக் கொப்பியே போதும், வெட்கப்படத் தேவையில்லை. மெத்ஸ் பக்கத்தவர் உயர்தர உயிரியல் வளநூலில் கலம், நொதியம், பிறப்புரிமையியல் மூன்றையும் வாசியுங்கள். உயிரியலில் பெயர்கள் அதிகம் என்று சலிக்காதீர்கள். விதிவிலக்குகள் அதைவிட அதிகம், அவற்றில்தான் விடயமே இருக்கிறது. இரு பக்கத்தவரும் கொஞ்சம் பைதன் பழகுங்கள். எக்ஸ் கதிரை உண்டாக்கும் பெரிய சிங்குரோத்திரன் எதுவும் எங்கள் நாட்டில் இல்லை. ஆனால் 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் யாருக்கும் இலவசம். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மடிகணினியில் இருந்தே திறக்கலாம்.

ஒரு வீட்டுவேலையும் தருகிறேன். அந்த வங்கியில் '1சிஏஜி' என்ற குறியீட்டை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுங்கள். 1994இல் வெளிவந்த, கொலாஜன் போன்ற ஒரு சிறு பெப்ரைட்டின் பளிங்கு அமைப்பு வரும். மூன்று சங்கிலி, ஒவ்வொன்றிலும் 30 அமினோ அமிலம். ராமச்சந்திரனும் கிரிக்கும் வாதாடிய முறுக்கை அணு அணுவாகச் சுற்றிப் பார்க்கலாம். 15ஆவது இடத்தில் கிளைசினை எடுத்துவிட்டு வேண்டுமென்றே அலனினை வைத்திருக்கிறார்கள். இதே மாதிரிக் கிளைசின் மாற்றங்கள் கொலாஜன் மரபணுவில் வந்தால் எலும்பு எளிதில் முறியும் நோய் வருவதுண்டு. அந்த இடத்தில் முறுக்கு எவ்வளவு தளர்கிறது, விட்டுப்போன ஐதரசன் பிணைப்பின் இடத்தில் எந்த மூலக்கூறு வந்து நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து செய்தால் வேகமாக முடியும்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.